மேற்குச் சிசிலி உணவு, பண்பாட்டுப் பயணம்: கீழக்கரையிலிருந்து சென்று வந்தவரின் மதிப்பீடு

இத்தாலி என்றவுடன் நம் பக்கத்துப் பயண நிறுவனங்கள் ரோம், வெனிஸ், பீசா என்ற ஒரே வழியைத்தான் விற்கின்றன. அதை விட்டுவிட்டு, நாட்டின் தென்கோடியில் ஆப்பிரிக்கக் கரையைப் பார்த்தபடி கிடக்கும் சிசிலித் தீவின் மேற்குப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்குள்ள சமையலையும் கடல்தொழிலையும் பழைய கட்டடங்களையும் வழிகாட்டியுடன் காட்டும் பயணம் ஒன்றைத் தென்மாவட்ட நிறுவனம் ஒன்று நடத்துகிறது. சென்ற செப்டம்பரில் புறப்பட்ட குழுவில் நானும் என் லாத்தாவும் (அக்காவும்) போய்வந்தோம். கடலோரத்துக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஐரோப்பியப் பயணம் கிடைப்பது அரிது என்பதே என் முடிவு. ஆனால் நிறுவனம் அச்சிட்டுத் தந்த நிகழ்ச்சி நிரலை அப்படியே ஏற்றுக்கொண்டு போனால் பாதிப் பயன்தான் கிடைக்கும். தொழில் நடக்கிற இடத்தில் கொண்டுபோய் எங்களை நிறுத்தியபோதெல்லாம் பயணம் மிகச் சிறப்பாக இருந்தது. உணவகத்து மேசையில் உட்காரவைத்துத் தட்டுகளை வரிசையாக நீட்டியபோதெல்லாம் கட்டிய பணம்தான் நினைவுக்கு வந்தது.

குழுவில் கீழக்கரை, பெரியபட்டினம் ஊர்களிலிருந்து எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்கள், தங்கச்சிமடத்திலிருந்து கத்தோலிக்க மீனவக் குடும்பம் ஒன்று, இராமேசுவரத்திலிருந்து சைவ உணவு மட்டுமே உண்ணும் தம்பதியர், மண்டபத்தைச் சேர்ந்த, படகு கட்டும் வயதான ஓடாவி ஒருவர், வாலிநோக்கம் உப்பளத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் எனப் பலரும் இருந்தோம். விமானம், தங்குமிடம், இரண்டு வேளை உணவு, உள்ளூர்ப் பேருந்து எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மூன்று லட்சத்தை ஒட்டி ஆனது. ஷெங்கன் விசாவுக்கான 90 யூரோ தனி. மதுரையிலிருந்து எங்களுடன் வந்த குழுத் தலைவர் தமிழில் விளக்க, பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பெண் வழிகாட்டி ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். அந்த வழிகாட்டிதான் இப்பயணத்தின் பலம். கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மழுப்பாமல், தெரிந்த ஆளிடம் எங்களை அழைத்துச் செல்வார். குழுத் தலைவர் வரலாற்றை நன்றாகவே மொழிபெயர்த்தார். அடுப்படிக்குள் நுழைந்ததும் திணறினார். சமையலை முதன்மையாகக் காட்டும் பயணத்துக்குச் சமையல் தெரிந்த ஒருவரை நிறுவனம் அனுப்பியிருக்க வேண்டும்.

முதல் இருப்பிடம் பலெர்மோ. 827-ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படை மசாரா அருகே கரையிறங்கியது. 831-இல் பலெர்மோவைக் கைப்பற்றியது. 1072-இல் வட பிரான்சு வழிவந்த கிறிஸ்தவப் படையினரான நார்மன்கள் அதைப் பிடித்தனர். ஆட்சி மாறிய பிறகும் அரபுக் கைவினைஞர்களையும் அறிஞர்களையும் நார்மன் மன்னர்கள் தங்கள் அவையில் வைத்துக்கொண்டனர். இரண்டாம் ரோஜர் கட்டிய அரண்மனைத் தேவாலயத்தின் உள்ளே நின்றால் இது விளங்கும். சுவர்களில் பைசாந்திய முறைப் பொன் மொசைக்குகளில் கிறிஸ்தவப் புனிதர்கள். தலைக்கு மேலே தேன்கூட்டு அடுக்குகளாக இறங்கும் மரக்கூரை. அந்தக் கூரையில் அரபு ஓவியர்களின் சித்திரங்களும் கூஃபி என்ற பழைய அரபு எழுத்துகளும். திராவிடக் கல்தூண்கள் தாங்கும் எங்கள் ஊர்ப் பழைய ஜும்ஆப் பள்ளியில் தொழுது வளர்ந்தவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றவில்லை, மிக இயல்பாகத் தோன்றியது. பலெர்மோ பேராலயத்தின் தென்வாயில் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் பொறிக்கப்பட்டிருப்பதை வழிகாட்டி காட்டினார். எங்களில் ஓதத் தெரிந்தவர்கள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தபோது, அருகில் நின்ற வேறு குழுவினரும் காது கொடுத்தனர். இந்த அரபு–நார்மன் கட்டடங்கள் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மொன்ரியாலே பேராலயமும் அப்பட்டியலில் உண்டு. ஆறாயிரம் சதுர மீட்டருக்கும் மேலான மொசைக்கை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வரச் சொன்னது முறையல்ல.

பல்லரோ சந்தை உணவுப் பகுதியின் தொடக்கம். கடலை மாவை உப்பு நீரில் களியாகக் கிண்டி, பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கும் பனெல்லே என்ற பண்டத்தை எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துச் சூடாகக் கொடுக்கிறார்கள். சைவத் தம்பதியர் இதை நம்பியே பாதிப் பயணத்தை ஓட்டினார்கள் என்றால் மிகையில்லை. கத்தரிக்காயைப் பொரித்து, வெங்காயம், ஆலிவ், கேப்பர், காடி, சர்க்கரை சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கபொனாத்தாவும் அவர்களுக்குப் பொருந்தியது. ஸ்ஃபிஞ்சோனே என்ற தடித்த ரொட்டியில் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் அடியில் நெத்திலி இன மீன் இருக்கும் என்பதைக் குழுத் தலைவர் முன்கூட்டியே சொல்லத் தவறிவிட்டார். அந்த அம்மையார் ஒரு கடி கடித்துவிட்டு மனம் நொந்து போனதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

முஸ்லிம் வாசகர்களுக்காக இந்த விஷயத்தை விரிவாகவே எழுத வேண்டும். நிறுவனத்தின் துண்டறிக்கையில் 'ஹலால் ஏற்பாடு உண்டு' என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். நடைமுறையில் அதற்குப் பொருள், இறைச்சி தவிர்த்து மீன் தரப்படும் என்பது மட்டுமே. சிசிலியில் சிக்கல் இறைச்சியோடு முடிவதில்லை. கன்னோலியின் ஓடு மரபுப்படி பன்றிக்கொழுப்பும் மர்சாலா மதுவும் சேர்த்துப் பிசைந்த மாவில்தான் செய்யப்படுகிறது. உள்ளே வைக்கும் ஆட்டுப்பால் ரிக்கொத்தாவில் குறையில்லை, ஓடுதான் ஆகாது. மண்ணீரல் ரொட்டிக்கு மண்ணீரலை வறுப்பது அதே கொழுப்பில். அரன்சீனா என்ற சோற்றுருண்டையின் உள்ளீட்டில் பன்றியிறைச்சி கலந்திருக்கலாம். வெண்ணெய் வகையில் உப்பிட்ட பன்றித்தொடை இருக்கும். வெதுப்பகத்தில் வாங்கும் இனிப்பு ரொட்டிகளிலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இவற்றை எங்களுக்குச் சொன்னது நிறுவனம் அல்ல, பலெர்மோ வழிகாட்டி. முதல் நாள் மாலையே ஒரு தாளில் எந்தப் பண்டத்தில் என்ன கொழுப்பு என்று எழுதிக் கொடுத்து, கடைகளில் முன்னின்று விசாரித்தும் தந்தார். வாதுமையும் சர்க்கரையும் மட்டும் அரைத்துப் பழ வடிவில் செய்யும் மர்தொரானா, எலுமிச்சை அல்லது வாதுமைப் பாலை உறைய வைத்துச் சுரண்டித் தரும் கிரனித்தா ஆகியவற்றை அவர் சொல்லித்தான் நிம்மதியாகச் சாப்பிட்டோம். தொழுகைக்குப் பழைய நகரத்துக்குள் பள்ளிவாசல் உண்டு. வெள்ளிக்கிழமை அங்கே செல்ல வழிகாட்டி நிரலை மாற்றிக் கொடுத்தார்.

பல்லரோவில் நடந்த இன்னொன்றை நிறுவனம் தன் துண்டறிக்கையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பலெர்மோவில் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வெளியே அடுக்கிய கடை ஒன்றின் முன்னால் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு நின்றபோது, உள்ளிருந்து வந்தவர், "அண்ணை, எங்க இருந்து வாறியள்?" என்று கேட்டார். மண்டபம் பக்கம் என்று ஓடாவி சொன்னதும், "மண்டபம் முகாமில ரெண்டு வருசம் இருந்தனான்" என்றார். அந்த அகதிகள் முகாமின் பழைய வாசல் எந்தப் பக்கம், அதன் எதிரில் இருந்த தேநீர்க்கடை யாருடையது என்று இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். கடைக்காரர் எங்களை விலை கொடுக்க விடவில்லை. தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் வந்தன. பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் இருக்கும் மோன்தே பெல்லெக்ரீனோ மலைக்குத் தமிழ் இந்துக்களும் நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள் என்பதை அவர்தான் சொன்னார். 1624-ஆம் ஆண்டுக் கொள்ளை நோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று நம்பப்படும் அந்தப் புனிதைக்கு ஜூலை நடுவில் ஊரே திரளும் பெருவிழா எடுக்கிறார்கள். செப்டம்பர் 4 அவருடைய திருநாள். தங்கச்சிமடத்துக் குடும்பம் மறுநாள் விடியலில் தாங்களாகவே வாடகைக் கார் பிடித்து மலைக்குப் போய், அங்கே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்களோடு அமர்ந்துவிட்டு வந்தார்கள். இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஆள் சேர்க்கும் நிறுவனம் இந்த மலையை நிரலில் வைக்காமல், நினைவுப்பொருள் கடைத்தெருவுக்கு ஒரு பிற்பகலை ஒதுக்கியிருந்தது என்னால் ஏற்கவே முடியாத தவறு.

பலெர்மோவை விட்டுத் ட்ராபனி சேர்ந்தபின் பயணத்தின் தரம் உயர்ந்தது. பழைய நகரின் ஒரு வீட்டு அடுப்படியில் குஸ்குசு சமைக்கக் கற்றுத் தருவதற்காக முழு முற்பகலை ஒதுக்கியிருந்தார்கள். வட ஆப்பிரிக்காவில் இறைச்சியோடு உண்ணும் இந்த உணவு, கடலுக்கு இப்பால் வந்து மீன் குழம்போடு சேர்ந்துவிட்டது. மஃபரத்தா என்ற, ஓரம் சரிந்த அகலமான மண்சட்டியில் ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, விரல் நுனியால் உப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கை படாமல் விரல்களை மட்டும் வட்டமாக ஓட்டி அதை மணிகளாக்குகிறார்கள். புட்டுக்கு மாவு பிசிறுவது போன்ற அதே கைப்பக்குவம். தண்ணீர் கூடினால் கட்டியாகிவிடும், குறைந்தால் தூளாகவே நிற்கும். வீட்டுக்கார அம்மாள் செய்வதைச் சற்று நேரம் பார்த்திருந்த என் லாத்தா, யாரும் அழைக்காமலே கையைக் கழுவிவிட்டுச் சட்டியில் விரலை இட்டார். அந்த அம்மாள் லாத்தாவின் விரல் ஓடும் விதத்தைப் பார்த்துவிட்டு, சட்டியையே அவர் பக்கம் தள்ளிவிட்டு மீன் சுத்தம் செய்யப் போய்விட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. மொழிபெயர்ப்பாளர் அடுத்த அரை மணி நேரம் தேவைப்படவும் இல்லை.

உருட்டிய மணிகளில் ஆலிவ் எண்ணெய், நறுக்கிய வெங்காயம், மிளகு, புன்னை இலை போன்ற தோற்றமுடைய லாரல் இலை ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையிட்ட மண்பாத்திரத்தில் போட்டு, கொதிநீர்ப் பானை மேல் ஏற்றி, இரண்டுக்கும் இடையே ஆவி வெளியேறாதபடி பிசைந்த மாவைத் திரித்து ஒட்டி அடைக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகிறது. அதற்குள் முள் மிகுந்த பாறை மீன்களைத் தக்காளி, இடித்த பூண்டு, வாதுமை, பார்சிலியோடு வேகவைத்து வடிகட்டிய குழம்பு தயாராகிவிடுகிறது. வெந்த மணிகள் மேல் குழம்பை ஊற்றி, சட்டியைக் கம்பளியால் போர்த்தி, ஒரு மணி நேரம் கைபடாமல் வைக்கிறார்கள். இந்த ஊறலில்தான் சுவை ஏறுகிறது என்றார் அம்மாள். புளி சேர்க்காமல் மீன் வாடை எப்படிப் போகும் என்று லாத்தா கேட்டதற்கு, அன்று காலை பிடித்த மீனுக்கு வாடை ஏது என்று விடை வந்தது. லாத்தா அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். இந்த ஒரு முற்பகலுக்காகவே இப்பயணத்தை நான் பரிந்துரைப்பேன். சான் வீத்தோ லோ காப்போ என்ற கடற்கரை ஊரில் 1998 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் குஸ்குசு விழாவுக்கும் அழைத்துப்போனார்கள். கூட்டத்தில் வரிசையில் நின்று காகிதத் தட்டில் வாங்கித் தின்றதில் அந்த அடுப்படியில் கற்றதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

ட்ராபனிக்குத் தெற்கே பாச்சேகோ வரை விரிந்து கிடக்கும் உப்பளங்கள் 1995 முதல் காப்பகமாக உள்ளன. சுற்றுலாப் பயணிகள் பொதுவாகக் காற்றாலையையும் பூநாரையையும் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை பார்த்துப் பழகிய எங்களுக்கு அது புதிதில்லை என்பதைப் புரிந்துகொண்ட வழிகாட்டி, வேலை நடக்கும் பாத்திகளுக்கே கூட்டிச் சென்றார். முறை ஒன்றுதான். கடல்நீரைப் பெரிய தெப்பத்தில் (தேக்கத்தில்) விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஆழம் குறைந்த தெப்பங்களுக்கு நகர்த்தி, வெயிலிலும் காற்றிலும் நீர் வற்ற வற்ற அடர்த்தி ஏற்றி, கடைசிப் பாத்தியில் உப்பு விளைய விடுகிறார்கள். வாலிநோக்கத்துக் கணக்கர், எத்தனை டிகிரி அடர்த்தியில் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவீர்கள் என்று கேட்டார். குழுத் தலைவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. உப்பளத்துக்காரர் மட்டும் கணக்கரின் கையசைவைப் பார்த்துவிட்டு, கொட்டகைக்குள் போய்க் கண்ணாடி மானியை எடுத்து வந்து, பாத்தி நீரில் மிதக்கவிட்டு, இருபத்தைந்துக்கு அருகிலிருந்த கோட்டில் விரலை வைத்துக் காட்டினார். கணக்கர் தலையாட்டினார். முப்பதை நெருங்கினால் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும் என்பதையும் இருவரும் விரல்களாலேயே பேசி முடித்தார்கள். அங்கே அறுவடை ஜூலை முதல் செப்டம்பர் வரை. இலையுதிர்கால மழைக்கு முன் குவியல்கள் மேல் சுட்ட மண் ஓடுகளை வீட்டுக்கூரை போல அடுக்கி மூடிவிடுகிறார்கள். நம் பக்கம் பனையோலையோ தார்ப்பாயோ போடுவோம். ஓடு காற்றில் பறக்காது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்று கணக்கர் அளவெல்லாம் குறித்துக்கொண்டார். உப்பளத்து ஆட்களின் கூலி, கண்ணுக்கும் காலுக்கும் வரும் நோய் ஆகியவை பற்றி நாங்கள் கேட்டதற்கு யாரிடமும் விடை கிடைக்கவில்லை. உழைப்பைக் காட்டும் பயணத்தில் உழைப்பவரோடு பேச ஒரு மணி நேரமாவது ஏற்பாடு இருந்திருக்க வேண்டும்.

நிறுவனம் கெடுத்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது ஃபவிஞானா. ட்ராபனியிலிருந்து விரைவுப் படகில் எட்டிவிடக்கூடிய அந்தத் தீவு, சூரை மீன் வரலாற்றில் தனி இடம் பெற்றது. 1874-இல் இக்னாத்சியோ ஃபுளோரியோ என்ற வணிகர் ஏகாதித் தீவுகளையே விலைக்கு வாங்கி, அங்கே பெருஞ்சூரையை ஆலிவ் எண்ணெயில் போட்டு டப்பாவில் அடைக்கும் பெரிய ஆலையை எழுப்பினார். மே, ஜூன் மாதங்களில் கரையோரமாக வரும் மீன் கூட்டத்தை அறை அறையாகக் கட்டிய நிலைவலைக்குள் செலுத்தி, கடைசி அறையில் வலையைத் தூக்கிப் பிடிப்பார்கள். ரயீஸ் என்ற தலைவர் ஆணையிட, ஆட்கள் பாட்டுப் பாடியபடி வலையை இழுப்பார்கள். அந்த முறையில் அங்கே கடைசியாக மீன் பிடித்தது 2007-இல். ஆலை இப்போது அருங்காட்சியகம். கொதிகலன் கூடம், நங்கூரக் குவியல், கருத்துப்போன நீண்ட மரப்படகுகள் என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்க்க வேண்டிய இடத்தில், திரும்பும் படகுக்கு நேரமாகிவிட்டது என்று முக்கால் மணி நேரத்தில் வெளியே அழைத்துவிட்டார்கள். மாசிக் கருவாடு இல்லாமல் சம்பல் அரைக்காத வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். சூரையின் முட்டைப்பையை உப்பிட்டு அழுத்திக் காயவைக்கும் விதத்தையும் முதுகுச் சதையைக் கருவாடாக்கும் விதத்தையும் விற்பனை மேசையில் மட்டும் கண்டு, செய்முறை கேட்க ஆளில்லாமல் திரும்பியது பெரிய இழப்பு. மீதமிருந்த நேரத்தைக் கடற்குளியலுக்கு என்று விட்டிருந்தார்கள். இராமேசுவரம் தீவிலிருந்து வந்தவர்களை வேறொரு தீவில் கடலில் குளிக்கச் சொல்லும் நிரலை யார் எழுதினார்களோ, அவர்கள் யாருக்காக எழுதுகிறோம் என்று யோசித்திருக்க வேண்டும்.

எரிச்சே மலையூருக்குக் கம்பிவட ஊர்தியில் ஏறினோம். மடங்களின் கன்னியர் பேணிவந்த வாதுமை இனிப்புகள் நன்றாக இருந்தன, மூடுபனியில் காட்சி ஏதும் தெரியவில்லை. அவ்வளவே.

மர்சாலாவில் மதுக்கூடம் பார்ப்பது நிரலில் இருந்தது. குழுவில் பெரும்பாலோருக்கு அது பயன்படாது என்று முன்பே எழுதிக் கொடுத்தும் நிறுவனம் மாற்றவில்லை. வழிகாட்டி தன் பொறுப்பில் எங்களை ஊரின் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். அங்கே கிடக்கிறது கடலுக்கடியிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த பூனிக்க, அதாவது வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தாரின், கப்பலின் உடல். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த போர்க்காலத்தைச் சேர்ந்தது. பலகைகளின் ஓரத்தைத் துளைத்து மரநாக்குகளைச் செருகி ஒன்றோடொன்று பூட்டி, முதலில் வெளிக்கூட்டைக் கட்டி முடித்துப் பிறகு உள்ளே விலாக்கட்டைகளை இணைத்திருக்கிறார்கள். எந்தப் பலகை எங்கே சேரவேண்டும் என்பதற்காகக் கட்டியவர்கள் இட்ட பூனிக்க எழுத்துகள் மரத்தில் இன்னும் தெரிகின்றன. மண்டபத்து ஓடாவி தடுப்புக் கம்பியருகே குந்தி அமர்ந்து, பலகை இணைப்பு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். ஒரு கூட்டமே சேர்ந்து, முன்கூட்டி அறுத்துக் குறியிட்டுக் கொண்டுவந்து வேகமாகக் கட்டிய கப்பல் இது, ஒரே ஓடாவி நிதானமாகக் கட்டியதாக இருந்தால் குறியே தேவைப்பட்டிருக்காது என்றார். அவர் சொன்னதை வழிகாட்டி ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, ஆய்வாளர்களும் குறிகளை வைத்து அப்படித்தான் கருதுகிறார்கள் என்று வியப்போடு சொன்னார். அந்தப் பிற்பகல் முழுவதும் விளக்கம் தந்தவர் ஓடாவிதான்.

கடைசி நாள் மசாரா தெல் வல்லோ. நிரலில் 'மதிய உணவுக்கு நிறுத்தம்' என்று மட்டும் போட்டிருந்த இந்தத் துறைமுகம் என் கணக்கில் பயணத்தின் உச்சம். இத்தாலியின் மிகப்பெரிய மீன்பிடிப் படகுத் தொகுதிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. ஆழ்கடலில் சிவப்பு இறால் பிடிக்க இழுவைமடி போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் படகுகள், பிடித்த இறாலைப் படகிலேயே உறையவைத்துக் கொண்டு வருகின்றன. கஸ்பா என்ற பழைய பகுதியில் துனிசியக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களில் பலர் இந்தப் படகுகளில்தான் வேலை செய்கிறார்கள். 1998-இல் இவ்வூர்ப் படகு ஒன்றின் மடியில் சிக்கி வந்த வெண்கலச் சிலை, ஆடும் சத்திர் (கிரேக்கப் புராணத்து வனதேவன்), பழைய தேவாலயம் ஒன்றில் தனிக் காட்சியாக நிற்கிறது. வலையில் மீனைத் தவிர வேறெதுவும் வந்தால் மடி கிழிந்த நட்டம்தான் என்று அறிந்த தங்கச்சிமடத்துக்காரர், அதைக் கரை சேர்த்தவர்களைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார்.

துறைமுகக் கால்வாயோரம் நிற்கும்போது வழிகாட்டி 2020-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். கரையிலிருந்து நெடுந்தொலைவு வரையிலான கடலை 2005-இல் தன் மீன்பிடிப் பாதுகாப்பு மண்டலமாக லிபியா அறிவித்தது. இத்தாலிய மீனவர்கள் அதைப் பொதுக்கடல் என்கிறார்கள். 2020 செப்டம்பர் 1 அன்று அங்கே மசாராவின் இரண்டு படகுகளைப் பிடித்து, பதினெட்டு மீனவர்களைப் பெங்காசியில் அடைத்தார்கள். இத்தாலியரோடு துனிசியர், செனகல்காரர், இந்தோனேசியரும் அவர்களில் இருந்தனர். குடும்பத்தார் ரோம் நகருக்குப் போய் நாடாளுமன்றத்தின் முன் அமர்ந்தார்கள். 108 நாள் கழித்து, பிரதமரே பெங்காசிக்குப் போன பிறகு, டிசம்பர் 17 அன்று விடுதலை கிடைத்தது. எங்கள் குழுவில் இதைக் கேட்டு விளக்கம் கோரியவர் எவருமில்லை. 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பின் கச்சத்தீவுக் கடலில் என்ன நடக்கிறது என்பது எங்கள் கரையில் குழந்தைக்கும் தெரியும். தங்கச்சிமடத்துக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படகைத் திருப்பிக் கொடுத்தார்களா?" கொடுத்தார்கள், அந்தப் படகுகளிலேயே ஊர் திரும்பினார்கள் என்றார் வழிகாட்டி. "நம்ம பக்கம் ஆள் வந்தாலும் படகு வர்றதில்லம்மா" என்று அவர் சொன்னதைக் குழுத் தலைவர் மொழிபெயர்த்தார். வழிகாட்டி உடனே பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த இருவரை அழைத்து வந்தார். அதன்பிறகு டீசல் விலை, மடியின் கண்ணளவு, பிடிபட்ட படகுக்குக் காப்பீடு உண்டா என்று பேச்சு நீண்டது. மதிய உணவு ஆறிப்போனதை யாரும் பொருட்படுத்தவில்லை. நினைவுப்பொருள் கடைக்கான நிறுத்தத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தையும் இங்கேயே கழிக்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டோம். வழிகாட்டி இசைந்தார், குழுத் தலைவர் முகம் சுளித்தார்.

மற்றவை குறித்துச் சுருக்கமாகவே சொல்லலாம். தங்குமிடங்கள் சுத்தமானவை, ட்ராபனியில் மட்டும் மின்தூக்கி இல்லாமல் முதியோர் சிரமப்பட்டார்கள். பேருந்து நேரந்தவறவில்லை. காலை உணவு எல்லா இடத்திலும் இனிப்பு ரொட்டியும் காப்பியும்தான். அவல், ஊறுகாய் கொண்டுபோனவர்கள் பிழைத்தார்கள். குழுவாக உட்காரவைத்த இரவு உணவுகளில் பாதிக்கு மேல், எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய பாஸ்தாவும் பொரித்த கணவாயும். ட்ராபனியில் சிவப்புப் பூண்டையும் வாதுமையையும் தக்காளியையும் உரலில் இடித்துத் திருகு பாஸ்தாவில் பிரட்டித் தந்த ஒரு சிறு கடை மட்டும் விதிவிலக்கு. அதையும் வழிகாட்டிதான் தேர்ந்தெடுத்தார்.

போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பன்றிக்கொழுப்பும் மதுவும் எந்த வேளையிலும் எந்தப் பண்டத்திலும் சேராது என்ற உறுதியை வாங்குங்கள். 'ஹலால் ஏற்பாடு' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். சைவர்கள் மீன் சேர்ந்த ரொட்டி, குழம்பு வகைகளின் பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். ஃபவிஞானாவுக்கு முழுநாளும் மசாராவில் ஓர் இரவும் கேளுங்கள். அதற்கு ஈடாக சான் வீத்தோவையும் கடைத்தெருவையும் விட்டுக்கொடுக்கலாம். மோன்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஒரு காலைப்பொழுதையாவது சேர்க்கச் சொல்லுங்கள். அதே பலெர்மோ வழிகாட்டி வருவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனெனில் அவர் இல்லாமல் இந்த விலைக்கு இப்பயணம் தகாது. அடுத்த குழு மே மாதம் புறப்படும் என்கிறார்கள். அப்போது வெயில் குறைவு, கட்டணமும் சற்றுக் குறைவு, ஆனால் உப்பு அறுவடை தொடங்கியிருக்காது, ஆகவே உப்பளத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் செப்டம்பர் குழுவில் பெயர் கொடுப்பதே நல்லது.